பன்னிரண்டாவது தடவை சாத்திய கதவு

கடலை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. உப்புக்கடலைதான், சூடு இன்னும் போகவில்லை. நான் வாங்கியதல்ல, ஒருத்தர் வாங்கிக் கொடுத்தது. நான் ஒன்றுகூடத் தின்னவில்லை. மூட்டையை என் காலடிக்குத் தள்ளிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. எலுமிச்சங்காய் வாசனை நல்லதுதான். பஸ்ஸில் எனக்குக் குமட்டும், இந்த வாசனை இருந்தால் குமட்டாது.

கொஞ்சம் என் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். நான் பேசினால் காதை வாயருகே வைத்துக் கேட்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். சின்னதிலிருந்தே அப்படித்தான். இன்றைக்கு அதைவிட மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கே போகிறாய் என்று கேட்டீர்கள். கோர்ட்டுக்கு. பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள். நான் சாட்சி. என் அண்ணனை வெட்டிய கேஸ். அண்ணன் இருக்கிறான், உயிரோடுதான் இருக்கிறான். அந்தக் கதை பின்னால் வரும். முதலில் எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். மூன்று வருஷமாக நான் விளையாடிச் சேர்த்து வைத்திருந்த ஆட்டத்தை என் அண்ணன் அழித்துவிட்டான். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று அழுத்தினான். என் கண் முன்னால்.

கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கா இவ்வளவு என்று பார்க்கிறீர்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அண்ணன் பேர் பலவேசம். என் பேர் மந்திரமூர்த்தி, மந்திரம் என்பார்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அண்ணன் ஒரு கடை வைத்திருந்தான். பத்து கம்ப்யூட்டர், பத்து நாற்காலி, ஒரு ஷட்டர். பையன்கள் வந்து விளையாடுவார்கள். நாங்கள் விளையாடியது ஒரு கோட்டை ஆட்டம். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் உண்டு. கடையில் யாரும் அதைச் சொன்னதில்லை. கோட்டை என்போம். ‘இன்னைக்குக் கோட்டையில எத்தனாவது கட்டம்?’ அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் மூன்று படையெடுப்பு. முதல் படையெடுப்பில் நாம் ராஜா பக்கம். கோட்டை நம்முடையது, உள்ளே அறுநூறு சனம், தளவாய் ஒருத்தர். வடக்கேயிருந்து எலும்புராசா வருவான். அவன் படையில் உயிரோடு ஒருத்தனும் கிடையாது. வெட்டினால் ரத்தம் வராது, புழுதிதான் வரும். இரண்டாவது படையெடுப்பில் நாம் அந்த எலும்புராசா பக்கம். முதலில் யாரைக் காப்பாற்றினோமோ அவர்களையே கொல்ல வேண்டும். மூன்றாவது இன்னும் மோசம். முதல் படையெடுப்பில் நாம் யாரை விட்டுவிட்டு வந்தோமோ அவர்கள் எழுந்து வருவார்கள்.

நடுநடுவே படம் ஓடும். ராஜாவும் தளவாயும் இங்கிலீஷில் பேசுவார்கள், ஒருத்தனுக்கும் விளங்காது. அண்ணன் சவுண்டைக் குறைத்துவிட்டு அவனே சொல்ல ஆரம்பிப்பான். ‘கேட்டுக்கோங்கடே. ராசா மக அழுதா. ஏன் அழுதா? ஆத்துத் தண்ணி செவப்பா வருதேன்னு அழுதா.’ பத்துப் பேரும் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ‘குதிரையை வெட்டினான், குதிரைமேல இருந்தவனை வெட்டினான், வெட்ட ஆளு தீந்து போச்சுன்னு அவன் நிழலையும் வெட்டினான்’ என்பான். ஆட்டத்தில் அப்படி எதுவும் இருக்காது. அவன் கட்டிச் சொல்வது. நானும் ரொம்ப நாள் அதெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. தளவாய்க்குப் பேர் வைக்காமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. சும்மா பேர் இல்லை, உயிரோடு இருக்கிற ஒருத்தர் பேர். அண்ணன் போட்ட சட்டம். ‘தெரிஞ்சவன் பேரை வச்சாத்தான் பொறுப்பா வெளாடுவீங்க’ என்பான். பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, எல்லாரும் கணக்கு வாத்தியார் பேரை வைத்தார்கள். அந்த மனிதர் எங்கள் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை செத்தார். ஒருநாள் நிஜமாகவே காய்ச்சலில் படுத்துவிட்டார், பையன்கள் பயந்துபோய் ஒரு வாரம் தலைமையாசிரியருக்கு மாறினார்கள்.

நான் அண்ணன் பேரைத்தான் வைத்தேன். தளவாய் பலவேசம்.

ஏழாவது கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எதுவும் விளங்காது. தளவாய் முப்பது பேரோடு வெளியே போய் ஆற்றுப் பாலத்தைக் கொளுத்திவிட்டுத் திரும்பி ஓடி வருவார். பின்னாலேயே நாலு கருங்குதிரைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் எலும்புப்படை. கோட்டைக் கதவு திறந்திருக்கும். அதைச் சாத்தப் பத்து எண்ணும் நேரம் ஆகும். தளவாய் உள்ளே வருகிறவரைக்கும் காத்திருந்தால் அந்த நாலு பேரும் கூடவே நுழைந்துவிடுவார்கள். நுழைந்தால் முடிந்தது.

பதினோரு தடவை காத்திருந்தேன் அண்ணாச்சி. பதினோரு தடவையும் நுழைந்தார்கள். நெற்களஞ்சியத்தில் தீ வைத்தார்கள். கிணற்றுக்குள் ஒளிந்தவர்களைக் கிணற்றோடு மூடினார்கள். ராஜா மகளை முடியைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்தார்கள், ஒவ்வொரு படியிலும் தலை இடிக்கிற சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்தை மட்டும் அண்ணன் குறைக்க மாட்டான். கேட்கட்டும் என்பான். அறுநூறு சனத்தில் ஒன்றும் மிஞ்சாது. பதினோரு தடவை அறுநூறு. கணக்கை விடுங்கள்.

பன்னிரண்டாவது தடவை சாத்தினேன். தளவாய் பாதி வழியில் வரும்போதே சாத்திவிட்டேன். கதவுக்கு வெளியே வந்து நின்று கையால் தட்டினார். முப்பது பேரும் தட்டினார்கள். பிறகு குதிரைச் சத்தம். பிறகு கதவில் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. முப்பது, இருபது, பத்து, கடைசியில் ஒரே ஒரு கை. அதுவும் நின்றதும் திரையில் வெற்றி என்று வந்தது. பையன்கள் கை தட்டினார்கள்.

அண்ணன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

‘வெளிய நின்னது யாருடே?’

‘நீதான்.’

சிரித்தான். ‘சனம் பூரா பொழச்சுதா?’

‘பொழச்சுது.’

‘அப்பச் சரி’ என்று சொல்லிவிட்டு வடை வாங்கப் போனான். அவனே சரி என்றான் அண்ணாச்சி. அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பனவடலிசத்திரம் வந்துவிட்டதா? இவ்வளவு கூட்டம் இங்கே ஏறும். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள், மிதிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி வைப்போம். இரண்டு பேர் மோதுவார்கள், மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். அன்றைக்கு நானும் சொரிமுத்து என்று ஒருத்தனும். அவன் அண்ணன் கொம்பையா. லாரி ஷெட் கொம்பையா என்றால் எங்கள் பக்கத்தில் தெரியும். இரண்டு கேஸ் இருந்தது, இரண்டிலும் சாட்சி நிற்கவில்லை. சொரிமுத்து நல்லவிதமாக விளையாட மாட்டான், தோற்றால் மவுஸைப் பிடுங்கி எறிவான். அன்றைக்கு அவன் தளவாயை நான் உயிரோடு பிடித்துவிட்டேன். பிடிபட்ட தளவாய்க்குப் புதுப்பேர் வைக்கிற உரிமை ஜெயித்தவனுக்கு உண்டு. பேர் வைத்து, தலையை வெட்டி, கோட்டைக் கதவின் மேல் தொங்கவிடலாம். தலைக்குக் கீழே பேர் பெரிதாக எழுதி வரும்.

நான் கொம்பையா என்று வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்றால், சும்மாதான். கையில் வந்தது, வைத்துவிட்டேன். கழுத்தில் நாலு வெட்டு. ஆட்டத்தில் ஒரே வெட்டில் முடிக்கலாம், நான் நாலாக வெட்டினேன், பையன்கள் எண்ணினார்கள். தலை கதவின் மேல் ஆடியது, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. எவனோ ஒருத்தன் போனில் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டான். சாயங்காலத்துக்குள் கொம்பையா போனிலும் அவர் தலை வந்து சேர்ந்தது.

மறுநாள் கடைக்கு வந்தார். என்னிடம் தோற்றதைச் சொரிமுத்து வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. கோபமாக வரவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ‘ஏந் தலையத் தொங்கவிட்டது யாருடே?’ என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், ‘நாந்தான் அண்ணாச்சி’ என்றான். எப்போதும் அப்படித்தான் அவன், முந்திரிக்கொட்டை. நான் சொல்லத்தான் இருந்தேன். என் குரலுக்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

‘நீயா?’

‘வெளாட்டுதான். தப்பா எடுத்துக்காதீங்க.’

‘நாலு வெட்டாம்லா.’

‘வெளாட்டுல அப்படித்தான் வரும் அண்ணாச்சி.’

‘வெளாட்டு’ என்று அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார் கொம்பையா. நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், பெரிசு பண்ணவில்லை என்று நான் நினைத்தேன். அண்ணன் அன்றைக்கு முழுக்கக் கதை சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், நாலு மணி இருக்கும். கடைக்குள் நானும் ஆறு பையன்களும். அண்ணன் எதிர்ச்சாரியில் வடைக்கடையில் நின்றான். இரண்டு பைக்கில் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் ஹெல்மெட். வண்டி நிற்பதற்குள் பின்னால் இருந்தவன் அரிவாளை உருவிவிட்டான். முதல் வெட்டு தோளில். வடைப் பொட்டலம் ரோட்டில் சிதறியது. அண்ணன் விழவில்லை. கடையைப் பார்த்து ஓடி வந்தான். ரோடு அகலம் ஒன்றும் அதிகமில்லை, ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ் நிற்க வேண்டும். அந்த அகலத்துக்குள் முதுகில் இரண்டு வெட்டு, காதோரம் ஒன்று. காது தொங்கியது. கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தான்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெயிலுக்காக அந்த நேரத்தில் எப்போதும் பாதி இறக்கி வைப்போம். அது பழைய ஷட்டர், சிக்கிக்கொள்ளும். சிக்கிக்கொண்டது. கீழே ஒரு சாண் இடைவெளியில் நின்றுவிட்டது. நான் தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. போலீஸில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தூக்க முயன்றேன், முடியவில்லை, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், யாரையும் பார்க்கவில்லை.

அண்ணன் வந்து அந்த இடைவெளியில் வலதுகையைக் கொடுத்து ஷட்டரின் விளிம்பைப் பிடித்தான். விரல்கள் உள்ளே, உடம்பு வெளியே. ‘ஏய் மந்திரம்’ என்றான். திட்டவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்கும்போது கூப்பிடுவானே, அந்தக் குரல். மேலிருந்து ஒரு வெட்டு விழுந்தது. தகரத்தில் பட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. மூன்று விரல்கள் என் பக்கம் விழுந்தன. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். ஒரு பையன் வாந்தி எடுத்தான். இன்னொருத்தன் ஹெட்போனைக் கழற்றவே இல்லை, அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது, அவன் ஆட்டத்தில் அப்போதும் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

விரல்களை நான்தான் எடுத்தேன். பக்கத்து ஐஸ்கிரீம் கடையில் ஐஸ் வாங்கி, டம்ளரில் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வேறு யாராக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாதாம். எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் குப்புற விழுந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தது நாலு ஹெல்மெட். குரலை வைத்துக் கொம்பையா என்று சொன்னான், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரலை வைத்துத் தண்டனை கொடுப்பது கஷ்டம் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். வடைக்கடைக்காரர் எண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். பையன்களை வீட்டில் சாட்சிக்கு அனுப்பவில்லை. ஆக, யாராவது பார்த்திருந்தால் கேஸ் நிற்கும், பார்க்காவிட்டால் நாலு பேருக்கும் விடுதலை. என்னை நம்பித்தான் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான்தான் எழுதியே கொடுத்துவிட்டேனே. எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல் என்கிறார் வக்கீலும். மாற்றிச் சொன்னால் குறுக்கு விசாரணையில் தோலை உரித்துவிடுவார்களாம்.

கடலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. எனக்கு வேண்டாம்.

அநியாயத்துக்கு வருகிறேன். கடையை மூடிவிட்டோம். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் ஆட்டம் அதில்தான் இருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டாவது படையெடுப்பை முடித்தேன். அதில் எலும்புராசா கோட்டையைப் பிடிக்க வருவான். கதவைச் சாத்தியவனைக் கூப்பிட்டு, நீ சாத்தினதால்தான் அந்தத் தளவாய் எனக்குக் கிடைத்தான் என்று சொல்லி, விரலில் ஒரு மோதிரம் போட்டுவிடுவான். அந்த மோதிரம் இருந்தால் எலும்புப்படை நம்மைத் தொடாது. அதைப் போட்டுக்கொண்டு அந்தப் படையெடுப்பைச் சுலபமாக ஜெயித்துவிடலாம். ஜெயித்தேன். தெருத்தெருவாகக் கொளுத்தினேன். நான் காப்பாற்றின அறுநூறு சனம்தான். ஒன்றையும் விடக் கூடாது என்பதுதான் அந்தக் கட்டத்தின் சட்டம்.

மூன்றாவது படையெடுப்பு முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே செத்துப்போன தளவாய் எழுந்து வந்து நிற்பார். சண்டை போட மாட்டார். கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் கூப்பிடுவார். தலைக்கு மேலே பேர் தெரியும், பலவேசம். மதில் மேலிருந்து அம்பு விட்டு அவரைத் தீர்த்தால்தான் அடுத்த கட்டம். ஒரு அம்பு போதும். ஒரு வருஷத்துக்கு மேல் அதையே திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணாச்சி. வேலை எதுவும் கிடைக்கவில்லை, வேறு என்ன செய்ய? காலையில் திறப்பேன், அவர் நிற்பார். சாப்பிட்டுவிட்டு வருவேன், நிற்பார்.

அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகும் என்னிடம் பேசவில்லை. மதினியிடம் பேசுவான், பூனையிடம் பேசுவான். நான் குழம்பை எடுத்து வைத்தால் தானே கரண்டியை எடுத்து இன்னொரு தடவை ஊற்றிக்கொள்வான். அவனுக்கு என்மேல் என்ன கோபமோ, கேட்டால் அல்லவா தெரியும்? நானும் கேட்கவில்லை. விரலை எடுத்துக் கொண்டுபோனவன் நான்.

ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றான். ரொம்ப நேரம் நின்றான். திரையில் அந்தத் தளவாய் கூப்பிட்டார், நின்றார், கூப்பிட்டார். அண்ணன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். வலதுகையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். மவுஸுக்கு அது போதும்.

‘இதுல நான் செத்துப்போயி அலைஞ்சிட்டிருக்கேன்’ என்றான். ‘அதான் அழிக்கேன்.’

ஒன்றரை வருஷத்தில் என்னிடம் பேசினது அது ஒன்றுதான். மூன்று வருஷத்து ஆட்டம். நியாயமா சொல்லுங்கள்.

அதோடு விடவில்லை. அவனே முதலிலிருந்து ஆரம்பித்தான். ஒன்பது நாள் விளையாடினான். இரண்டு விரலால் விளையாடுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? மவுஸ் நழுவும், மணிக்கட்டால் தள்ளித் தள்ளிக் கொண்டுவருவான். ஏழாவது கட்டம் வந்தது. நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். தளவாய் ஓடி வருகிறார், பின்னால் நாலு கருங்குதிரை. தலைக்கு மேலே பேர் பார்த்தேன். மந்திரம் என்றிருந்தது. என் பேர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைத்திருக்கிறான்.

சாத்துவான் என்று நினைத்தேன். சாத்தட்டும், அப்போது தெரியும் என்றுகூட நினைத்தேன்.

கதவுப் பக்கத்தில் ஒரு காவலன் நிற்பான் அண்ணாச்சி. கையில் ஈட்டி, உடம்பில் துளி உயிர். கதவைத் திற, கதவைச் சாத்து, அவன் வேலை அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அண்ணன் அந்தக் காவலனைப் பிடித்து, வெளியே நடக்கவிட்டான். அப்படிச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு தடவை விளையாடியவன் நான், அவனைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. காவலன் தனியாக அந்த நாலு குதிரைக்கு எதிரே போய் நின்றான். முதல் குதிரையின் நெஞ்சில் ஈட்டியைச் செருகினான். இடதுகை போயிற்று. ஈட்டியை விடவில்லை. தளவாய் அவனைத் தாண்டி ஓடி உள்ளே வந்தார். மற்ற மூன்று பேரும் அவனைச் சுற்றிச் சுற்றி வெட்டினார்கள், வெட்ட வெட்டப் பின்னாலேயே நடந்து வந்தான், பத்து எண்ணுகிற நேரம். கதவின் கடைசிச் சந்தில் அவனும் உள்ளே விழுந்தான். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடு முடிபோல இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. அறுநூறும் பிழைத்தது.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டுவிட்டு எழுந்து, மதினியைக் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போய்விட்டான். மானூர். மூன்று வாரம் ஆகிறது.

தேவர்குளம் தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் ஒன்று சொல்கிறேன், திரும்பிப் பார்க்காதீர்கள். முன்னால் மூன்றாவது சீட்டு, நீலச் சட்டை, கழுத்தில் துண்டு. அவர்தான் கொம்பையா. ஜாமீனில் இருக்கிறார். திரும்பாதீர்கள் என்றேனே. கடலை அவர் வாங்கிக் கொடுத்ததுதான். காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றார். ‘ஏறுடே, சேந்தே போவோம்’ என்றார். டிக்கெட்டும் அவரே எடுத்துவிட்டார். போன மாதம் டீக்கடையில் பார்த்தபோது என் தோளில் கை போட்டார். ‘அன்னைக்கு நீ புத்திசாலித்தனமா நின்ன. கோர்ட்லயும் அப்படியே நில்லு’ என்றார். நான் டீயைக் குடித்தேன்.

அவருக்குத் தெரியும் அண்ணாச்சி. ஷட்டர் சிக்கவில்லை.

நான் இறக்கினேன். அண்ணன் ரோட்டில் பாதி தூரம் வரும்போது இறக்க ஆரம்பித்தேன். உள்ளே ஆறு பையன்கள் இருந்தார்கள், பதினோரு தடவை பார்த்தவன் நான், உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரு சாணுக்கு வந்ததும் அண்ணன் விரல் வந்தது. அவன் தூக்கினான். நான் தூக்கவில்லை. கீழ்ச்சட்டத்தின் மேல் என் வலதுகாலை வைத்து மிதித்தேன். அவன் ‘ஏய் மந்திரம்’ என்றபோது மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். விரல் விழுந்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தேன், எடுக்க வேண்டும் என்று காலுக்குத் தெரியவில்லை. அப்போது ஒருத்தர் வெளியே குந்தி உட்கார்ந்து, ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி, அந்த ஒரு சாண் சந்து வழியாக உள்ளே பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கொம்பையாதான். இவ்வளவு கிட்டத்தில், உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரத்தில். ‘நல்லா அழுத்திக்கோடே’ என்றார்.

நான் முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால், எப்படிப் பார்த்தாய் என்பார்கள். சந்து வழியாக என்றால், சந்து ஏன் ஒரு சாண் இருந்தது என்பார்கள். உன் கால் எங்கே இருந்தது என்பார்கள். அண்ணன் அங்கே உட்கார்ந்திருப்பான். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுதினேன். அந்தத் தலையைத் தொங்கவிட்டதும் நான்தான் என்று அதோடு சேர்ந்து வரும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கிறது.

இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அதனால் சொல்ல வந்தது.

அதோ பாருங்கள், மானூர். வேப்பமரத்தடியில், வெள்ளைச் சட்டை. வலதுகையைப் பையில் விட்டுக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். ஒல்லியாகிவிட்டான். காதுக்குப் பின்னால் தையல் தெரிகிறது பார்த்தீர்களா. பஸ்ஸில் இடமில்லை. படிக்கட்டில் தொங்குகிறார்கள், இடதுகை ஒன்றால் பிடித்துத் தொங்க அவனால் முடியாது. நீலச் சட்டை அவனைப் பார்த்துவிட்டது. கண்டக்டரிடம் என்னவோ சொல்கிறார். போகலாம் என்கிறாரோ என்னவோ. அண்ணன் அவரையும் பார்த்துவிட்டான். என்னையும் பார்த்துவிட்டான். இந்தப் பஸ்ஸில், இவரோடு.

ஏறாமல் பின்னால் நகர்கிறான்.

அண்ணாச்சி, மூட்டையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். காலை மடக்குங்கள். டிக்கெட் ஜங்ஷன் வரைக்கும் இருக்கட்டும், நான் இங்கேதான் இறங்க வேண்டும். அடுத்த பஸ் அரைமணியில் வரும், பதினோரு மணிக்குள் போய்விடலாம், இரண்டு பேரும். கொஞ்சம் வழி விடுங்கள் அம்மா. விசிலைக் கொடுக்காதீர்கள் சார், ஆள் இறங்குது.

கடலையை நீலச் சட்டையிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. கேட்டால் மந்திரம் மானூரிலேயே இறங்கிவிட்டான் என்று சொல்லுங்கள். என்னை மாதிரி மெதுவாகச் சொல்ல வேண்டாம். சத்தமாகவே சொல்லுங்கள்.